ஏழு நாள் குடித்தனம்

என் அத்தானுக்குச் சொந்தமாக நான்கு வீடுகள். அவர் குடியிருந்தது வாடகை வீட்டில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது அவரிடம் ஒரு வீடுகூட இல்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் குறையாகத் தெரிந்தது.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, முப்பது வருடத்தில் ஒவ்வொன்றாக வாங்கினார். எல்லாம் சின்ன வீடுகள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. ஒவ்வொன்றை வாங்கும்போதும் அக்கா ஆசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அடுத்த மாதமே அதில் வேறு யாராவது குடியிருப்பார்கள்.

"சொந்த வீட்டுல நாமளே உக்காந்துட்டா, அந்த வீடு வேலைவெட்டிக்குப் போகாம சும்மா கெடக்குன்னு அர்த்தம்" என்பார் அத்தான்.

அவர்கள் இருந்த வாடகை வீடு இரண்டாவது மாடி. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. காய்கறிப் பையோடு ஏறுகிறவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். கடைசிப் படி வந்ததும், யாரையென்று சொல்லாமல் பொதுவாக நாலு திட்டு திட்டுவாள். யாரை என்று எனக்குத் தெரியும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களில் அத்தானைப் போல் இன்னொருவர் இருக்க மாட்டார். முதன்முதலில் விட்ட வீட்டில், குடிவந்த அன்றே ஒருவர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. கதவை உடைத்து எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மனிதர் துண்டோடு வெளியே வந்தார், துண்டோடே வீட்டைக் காலி செய்துவிட்டார். அந்த அவமானம் அத்தானை விடவில்லை. அன்றிலிருந்து எந்த வீடு காலியானாலும் அக்காவையும் அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு அதில் போய்க் குடியிருப்பார். சமைத்து, குளித்து, கதவுகளை நூறு தடவை சாத்தித் திறந்து, கண்ட குறைகளை ஒரு நோட்டில் எழுதித் தானே சரிசெய்வார். தொடர்ந்து ஏழு நாள் ஒரு குறைகூட இல்லாமல் போக வேண்டும். ஆறாம் நாள் ஒரு ஆணி ஆடினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து கணக்கு. அது முடிந்த பிறகுதான் வீட்டை விடுவார்.

நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. அதாவது, ஏணி பிடிக்கும் நாள்.

போன வருடம் கீழ்த்தள வீடு ஒன்று காலியானது. வாசலில் ஒரே படி. பின்னால் துணி காயப்போட இடம். அக்கா உள்ளே நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, இத யாருக்கும் விட வேணாங்க. நாமளே இருந்துக்கலாம். என்னால இனிமே மாடி ஏற முடியாது."

"பாக்கலாம்" என்றார் அத்தான்.

அவர் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். ஏற்கெனவே ஒரு வங்கி அதிகாரி வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஆறு நாள் நல்லபடியாகப் போனது. ஆறாம் நாள் மாலை அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"டேய், இந்தக் குழாய்க்குள்ள இருக்கற வாஷர எப்படிடா எடுக்கறது?"

"எதுக்கு?"

"நோட்டுல குறை இருக்கற வரைக்கும் அவர் வீட்ட விடமாட்டார்டா."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வயதிலிருந்தே எனக்கு அக்காவிடம் பயம். எடுத்துக் காட்டினேன்.

மறுநாள் குழாய் சொட்டியது. அத்தான் நோட்டில் எழுதினார், சரிசெய்தார், முதல் நாள் என்றார். அடுத்த வாரம் குளியலறைக் கதவு தரையில் இடித்தது. அதற்கடுத்த வாரம் சுவிட்ச் ஆடியது. பிறகு ஜன்னல் கொக்கி. பிறகு மறுபடி குழாய். அதுவரை ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டே பார்க்காத அக்கா, இரண்டு மாதத்தில் தனியாகக் கடை வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். காலையில் தானே நடந்துபோய்ப் பால் வாங்கினாள். பக்கத்து வீட்டம்மாவோடு வாசலில் நின்று ஊர்க்கதை பேசினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. வங்கி அதிகாரி வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தான் சமையலறையில் குழாயின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய இன்னொரு வீட்டில் குடியிருக்கும் தையல்காரர் போனில் கூப்பிட்டார். மோட்டார் ஓடவில்லையாம்.

"வெளியாளக் கூப்பிட்டுப் பாத்துக்கங்க. கூலிய நான் குடுத்தர்றேன்" என்றார் அத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வீடுகளில் வெளியாள் கை பட்டதே கிடையாது. போனை வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை போச்சு மாப்ள. மூணு தடவ மாட்டிட்டேன், வாஷர் நிக்க மாட்டேங்குது. போட்ட ஸ்க்ரூ எல்லாம் கழண்டு கழண்டு வருது. நேத்து ராத்திரி உங்கக்காகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். வெக்கமா இருந்துச்சு."

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன். திறந்தால் வீடு போய்விடும். அது அவளுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. கழட்டுனது நான்தான்."

அத்தான் நிமிர்ந்தார். "கதவு?"

"நான்."

"சுவிட்ச்சு?"

"நான்தான்."

"ஜன்னல் கொக்கி?"

அக்கா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இவன்."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை இரண்டு தடவை மூடித் திறந்தார். எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்தார். சாயங்காலத்துக்குள் வீட்டில் இருந்த அத்தனையையும் சரிசெய்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே தையல்காரர் வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போனார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் கால் போனவளை மறந்துவிட்டாரே என்று எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம்.

குறையில்லாமல் ஏழு நாள் ஓடியது. அக்கா எதையும் தொடவில்லை. எட்டாம் நாள் காலை பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு வங்கி அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு சார். எப்ப குடி வரலாம்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் வீடு விடுகிற மனிதர் அவர்.

"சமையலறைக் குழாய் சொட்டும்" என்றார்.

அதிகாரி குழாயைத் திறந்து மூடினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"சொட்டலியே சார்?"

"இப்ப சொட்டாது. நீங்க வந்தப்புறம் சொட்டும்."

"அப்படியா?"

"பாத்ரூம் கதவு இடிக்கும்."

அதிகாரி கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் திரும்பி வந்தது.

"சுவிட்ச்சுல கை வெச்சா ஷாக் அடிக்கும்" என்றார் அத்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அதிகாரி சுவிட்ச் பக்கம் போன கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "இதெல்லாம் ரிப்பேர் பண்ணிக் குடுத்துருவீங்கல்ல?"

"எனக்குக் கை போச்சு சார்."

வாசல்வரை போய் அவரை அனுப்பிவைத்தேன். "பெரியவருக்கு உடம்பு சரியில்ல போல. வீட்ல இருக்கறவங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் உள்ளே வந்தபோது அக்கா விசும்பிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எதுக்கு அழற?" என்றார். "மூட்டையப் பிரி."