லென்ஸில் பூஞ்சை இல்லை

முதலில் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் இடது ஓரத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. குன்னூரில் மழைக்காலத்தில் கேமரா வைத்திருக்கும் எவனும் நினைப்பதையே நானும் நினைத்தேன்: லென்ஸில் பூஞ்சை. கோவைக்கு அனுப்பித் துடைத்து வாங்கினேன். போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டினேன். பிறகு கேமராவையே கழற்றக் கொடுத்தேன். இப்படி ஆறு மாதம். இருபது வருடம் பத்திரிகைக்குப் படமெடுத்தவனின் புத்தி அவ்வளவுதான்.

இடது கண்ணை மூடி வலது கண்ணால் எடுப்பது என் பழக்கம். அச்சான படத்தை இரண்டு கண்ணாலும் பார்ப்பேன். அதில் குறை எதுவும் தெரியாது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். எங்கள் மலையில் எமரால்டு என்ற ஊர்ப் பக்கம் சிறு விவசாயிகள் பறித்த பச்சைத் தேயிலையைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். அந்தக் குவியலை எடுத்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் வந்தது. "சரியான நேரத்துல அமுக்கியிருக்கீங்க" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் பாராட்டினார்.

பத்திரிகையைப் பார்த்த என் மனைவி சாந்தி கேட்டாள்:

"ஏனுங்க, இந்தம்மா இப்படி அழுகறதைப் பாத்துட்டா படம் எடுத்துட்டு நின்னீங்க?"

"எந்தம்மா?"

காட்டினாள். இடது ஓரத்தில், காலிச் சாக்கால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண். எடுத்தபோது நான் அவரைப் பார்க்கவே இல்லை. பத்திரிகையை முகத்தருகே பிடித்து இடது கண்ணை மூடினேன். அவர் நின்ற இடத்தில் அதே மங்கல். மறுநாளே சாந்தியோடு கோவைக்குக் கிளம்பினேன்.

கோவையில் கண் மருத்துவர் சோதித்துவிட்டு, கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடுவது) என்றார். பெரும்பாலும் வலியே இருக்காதாம்.

"முன்னாடியே வந்திருக்கலாமுங்களே?"

"லென்ஸுல பூஞ்சைன்னு நெனச்சுட்டேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்குது."

திரும்பும் பேருந்தில், மலைப்பாதையில் பர்லியார் தாண்டும்வரை கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாந்தி என் கையை விடவில்லை. அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அழுதேன்.

வலது கண்ணில் அறுவை செய்து, உள்ளே தேங்கும் நீர் வடிய வழி வைத்தார்கள். காலையும் இரவும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். ஆனாலும் மங்கல் மெல்ல உள்ளே வருகிறது. கேமரா பிடிப்பவர்களே, லென்ஸைக் கழற்றும் முன் கண்ணைக் காட்டுங்கள். ஆறு மாதம் லென்ஸைத் துடைத்தவன் சொல்கிறேன்.

இப்போதும் படமெடுக்கப் போகிறேன், எத்தனை நாளைக்கோ. ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குகிறேன். அதற்குள், அங்கே யார் அழுதுகொண்டிருந்தாலும் கண்ணைத் துடைத்துவிடுகிறார்கள்.