விசாரிக்காமல் போட்ட கையெழுத்து

கேகாலைப் பக்கத்து றப்பர் தொழிற்சாலையொன்றின் ஆட்களைச் சேர்க்கும் ஆளணிப் பிரிவில் வேலை கிடைத்தபோது சுதர்ஷினிக்கு இருபத்தேழு வயது. தாயும் தகப்பனும் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர்கள். அந்தத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அலுவலகக் கதிரையில் உட்காரப் போன முதல் பெண் அவள்தான். தமிழும் சிங்களமும் தடுமாறாமல் எழுதுவாள். ஆறு வருடத்தில் அவள் கையில் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை.

போன வருடம் மழைக்காலத்தில், உறைந்த றப்பரைத் தகடாக அழுத்தும் ரோலர் இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் திடீரென்று விலகிவிட்டார். திங்கட்கிழமைக்குள் ஆள் வேண்டும் என்றார் முகாமையாளர்.

இரண்டு பேர் வந்தார்கள். நாகலிங்கம் வேறோர் இடத்தில் பதினான்கு வருடம் அதே இயந்திரத்தோடு நின்றவர். அந்த இடம் மூடப்பட்டதால் வேலை தேடினார். சான்றிதழ் எதுவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எழும்பும்போது, “மெஷின ஒருக்கா பாக்கலாங்களா?” என்றார். நேரமில்லையென்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தவன் சசி. மடிப்புக் கலையாத சட்டை, பயிற்சிச் சான்றிதழ், நல்ல பேச்சு. கால் மணி நேரத்துக்குள் முகாமையாளர் அவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். நாகலிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று சுதர்ஷினி யோசித்தாள். சொல்லவில்லை.

சசியின் விண்ணப்பத்தில் முன்பு வேலை செய்த இடத்தின் தொலைபேசி எண் இருந்தது. அவள் ஒரு தடவை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் பார்க்கலாமென்று விட்டாள். மறுநாள் காலையிலேயே முகாமையாளர் மேசையருகே வந்து கோப்பைக் கேட்டார். முன்னைய வேலையிடத்தில் விசாரித்தாயிற்று என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம், அந்த இயந்திரத்தில் றப்பரைச் செலுத்தும் ஷாமிளாவின் வலக்கை ரோலருக்குள் இழுபட்டது. முழங்காலால் இடித்தால் இயந்திரத்தை உடனே நிறுத்தும் தண்டு ஒன்று அதில் உண்டு. அவள் இடித்தாள், அது அசையவில்லை. அடிக்கடி கால் பட்டு வேலை தடைப்படுகிறதென்று சசி அதை நைலோன் கயிற்றால் கட்டி வைத்திருந்தான். யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

அன்று பின்னேரம் சுதர்ஷினி அதே எண்ணுக்கு மறுபடி அழைத்தாள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் உடனே எடுத்தார். சசியின் பெயரைச் சொன்னாள்.

“அந்த ஆளா? அந்தத் தண்ட கட்டி வச்சதுக்குத்தானே நாங்க அனுப்பினோம். வேலைக்கு எடுக்க முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க.”

ஷாமிளாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று தொழிற்சாலையின் அறிக்கை தயாராகியிருந்தது. விசாரணையில் கையெழுத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாமென்று முகாமையாளர் சுதர்ஷினியிடம் அமைதியாகச் சொன்னார். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி நான்கு பேர் இருந்தார்கள். தொழில் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி கோப்பைப் புரட்டி, சசியைப் பற்றி விசாரித்தது யார் என்று கேட்டபோது அவள் அந்தக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“விசாரிக்கலங்க. விசாரிச்சதா கையெழுத்துப் போட்டது நான்தான். ஷாமிளா மேல பிழை இல்ல.”

ஷாமிளாவுக்கு முழு நட்டஈடும் கிடைத்தது. சசி விலக்கப்பட்டான். பொய்யாகக் கையெழுத்திட்டதற்காகச் சுதர்ஷினியும் விலக்கப்பட்டாள். முகாமையாளர் அங்கேயே இருந்தார். நாகலிங்கத்தைத் தேடி ஆள் அனுப்பினார்கள். அவர் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ரம்புக்கனையில் ஒரு கடையில் வேலை கிடைத்த பிறகுதான், ஷாமிளாவைப் பார்க்கப் போகும் தைரியம் சுதர்ஷினிக்கு வந்தது. ஷாமிளா இடது கையும் வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரலுமாக மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“உண்மைய சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேங்க அக்கா,” என்றாள். “அதுக்காக ஒங்க மேல கோவமில்லன்னு சொல்ல எனக்குத் தெரியல.”

பின்னல் அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. நான் பின்னி விடட்டுமா என்று சுதர்ஷினி கேட்டாள்.

“வேணாங்க. நானே பழகணும்.”

சுதர்ஷினி அவள் பின்னி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.