இரண்டு கல்லுக்கு நடுவே அங்காளம்மா காட்டிய கோடு

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் சகோதரிகளே, இந்தப் பங்குனியில் நான் உடைந்துபோயிருந்தேன். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, எங்கள் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். போர்வெல் வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் அது தன்னுடையது என்றார். என் கரும்பு காய்ந்தது.

நானும் வரப்புதான் எல்லை என்று நம்பியிருந்தேன். பழைய வேப்பமரம் ஒன்றைச் சுற்றி வளைத்துப் போட்ட வரப்பு அது. மரம் போயும் வளைவு போகவில்லை. சர்வேயர் வர நாளாகும் என்றார்கள். எல்லைக்கல் இரண்டும் இருந்தன. ஆனால் நடுவில் ஆளை மறைக்கும் கரும்பு, கயிறு பிடிக்க வழியில்லை.

ஒரு நாள் அங்காளம்மா கோயிலில் நின்றபோது வேண்டுதல்கூட வரவில்லை. "முடியல தாயே" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில், நான் கணக்கு நடத்தும் பத்தாம் வகுப்பில், கரும்பலகையில் இரு புள்ளிகள் வழிச் செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இரண்டு கல்லும் இரண்டு புள்ளிகள்தானே! பதினெட்டு வருடமாக நடத்தும் பாடம். அழுதுவிட்டேன்.

ஞாயிறன்று கொழுந்தனையே டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். வாய்க்காலும் வண்டிப்பாதையும் செங்குத்தாகச் சேரும் மூலைதான் ஆதிப்புள்ளி. கரும்பு வரிசைகளுக்கு நடுவே உள்ள பார் வழியாக டேப் போனது. வண்டிப்பாதையிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் அடிக்கணக்கில் அளந்தோம். ஒரு கல் (120, 10), இன்னொன்று (160, 210). சாய்வு 5. y − 10 = 5(x − 120). போர் வாய்க்காலிலிருந்து 110 அடி. அங்கே கோடு வண்டிப்பாதையிலிருந்து 140இல் போகிறது. போர் 137இல், எங்கள் பக்கம் மூன்று அடி உள்ளே.

ஆனால் மோட்டார் ரூம் சுவர் 142இல், அவர் பக்கம் இரண்டு அடி உள்ளே இருந்தது. ஒரு நிமிடம் மறைக்கத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், தோன்றியது. பிறகு அதையும் சொன்னேன்.

அவர் டேப்பைச் சுருட்டினார். "இன்னா அண்ணி, உங்களுக்குப் பாதகமா இருக்குறதையும் நீங்களே சொல்லிக்கினு இருந்தா நான் எப்படிச் சண்டை போடுறது? ரெண்டு அடிதான, ரூம் அங்கயே இருக்கட்டும்" என்று சாவியை நீட்டினார்.

மூன்று அடியை அவர் நம்பியது அந்த இரண்டு அடியால்தான்.

இன்றும் அதே காலை பஸ், அதே முட்டிவலி. ஆனாலும் கரும்பு பச்சையாக நிற்கிறது. அங்காளம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! நீங்களும் முடியாதபோது, முடியவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள். அவள் தரும் பதிலில் உங்களுக்கு எதிரான ஒரு வரியும் இருக்கலாம். அதையும் சேர்த்துப் படியுங்கள்.