வலது பக்கம் சத்தம் கம்மி

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. நமக்கு முன்னால் கை வைத்தவர்கள் என்ன செய்து தொலைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சாமானை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்திருப்பீர்கள். எல்லோரும் பட்டவர்கள்தான் என்பதால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

ஒன்றும் இல்லாத ரேடியோ

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் நானும் காதர் பாயும் கூட்டாகக் கடை வைத்த புதிது. எழுபதுகளின் ஆரம்பம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு ஐயங்கார் சுவாமி வால்வு ரேடியோவைக் கொண்டுவந்தார். சாயங்காலமானால் கரகரவென்று இரைகிறதாம். மூன்று நாள் கடையில் வைத்துப் பாட விட்டேன், ஓர் இரைச்சலும் இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அடுத்த வீட்டுக் கொல்லையில் மாவு மில். மோட்டார் ஓடும்போதெல்லாம் ரேடியோ கரகரத்தது. ரேடியோவில் ஒன்றும் இல்லை, மில்லில்தான் கோளாறு என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் அதை வேறு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கண்டன்சரை மாற்றினார்கள். அந்த வாரம் மில்காரரும் மோட்டாரைச் சரி பண்ணிவிட்டார். சுவாமி எங்கள் கடைக்கு வேலை மெனக்கெட்டு வந்து நின்று சொன்னார்: "கண்டுபிடிக்கத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லும், தப்பில்லை. ஒண்ணுமே இல்லேன்னு மட்டும் சொல்லாதேயும்."

என் கைங்கரியம்

அன்றைக்கு காதர் பாய் ஒரு சட்டம் போட்டார். எந்தச் சாமானையும் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, எதையாவது மாற்றித்தான் அனுப்ப வேண்டும். நானும் தலையாட்டினேன். ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் நடைமுறை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து சேவியர் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மேலப்புதூர் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவர். அவரிடம் ஒரு ஸ்டீரியோ வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த சீமைச் சரக்கு. உள்ளே ஒயரெல்லாம் பின்னல் போட்டாற்போல் இருக்கும். இசைத்தட்டைப் போட்டு நடுவில் உட்கார்ந்து, எந்தக் குரல் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டு எழுதி, அதைக் குழுவுக்குச் சொல்லித் தருவார். வலது பக்கம் சத்தம் கம்மியாக இருக்கிறது என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தன. ஒன்றும் இல்லை என்று வாய் வரை வந்தது. சுவாமியின் முகம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். இடது பக்க ஸ்பீக்கர் லைனில் ஒரு ரெசிஸ்டன்ஸைப் போட்டு, அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். சார் கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல? என் காதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

வயிற்றைக் கிழித்த பெட்டி

நடுவில் நான் மதுரையில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய், முதலாளியோடு ஒத்துவராமல் காதர் பாயிடமே திரும்பி வந்தேன். அப்போது எண்பதுகள் பிறந்துவிட்டன. ஒருநாள் சேவியர் சாரின் மனைவி பிலோமினா டீச்சர் ரிக்‌ஷாவில் அதே ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து இறக்கினார். சார் வரவில்லை. இதற்குள் நாலு கடை ஏறி இறங்கி அலுத்துவிட்டாராம்.

அடி மூடியைத் திறந்து பார்த்தேன். வலது பக்கத்து வால்வுகளைப் பிடுங்கிவிட்டு ஒரு புண்ணியவான் மைக் செட் போர்டை வைத்துக் கட்டியிருந்தான். இன்னொருவன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஏதோ ஒன்றை மாட்ட இடமில்லாமல் அடிச்சட்டமான சேஸிஸையே வெட்டியிருந்தான். பேலன்ஸ் குமிழ் இருந்த இடத்தில் ஓட்டை. எல்லோருக்கும் ஒரே நோக்கம், வலது பக்கம் சத்தத்தை ஏற்ற வேண்டும்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பாட்டில் வலது வரிசை சுதி விலகுவதை சார் கவனிப்பதே இல்லை என்று கோயிலில் பேச்சு. பங்குச் சாமியார் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அப்புறம் குழுவை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். பெட்டி சரியில்லை, அதனால்தான் எழுதுவதே தப்பாகப் போகிறது என்கிறாராம் சார். முப்பது வருஷமாக நடத்திய குழு. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அது கையை விட்டுப் போச்சுன்னா மனுஷன் உக்காந்துடுவாரு தம்பி. பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க."

ஐந்தாவது ஆள்

மூன்று மாதம் பிடித்தது. காந்தி மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஞாயிறுதோறும் துழாவி, அதே அளவில் ஒரு டிரான்ஸ்பார்மர் கூடு கிடைத்தது. அதற்குப் புதிதாகக் கம்பி சுற்றினேன். வால்வுகளுக்கு சென்னை வரை போனேன். வெட்டிய சேஸிஸுக்குத் தகடு வைத்து, இடது பக்க ஒயரிங்கைப் பார்த்துப் பார்த்து வலது பக்கத்தைக் கட்டினேன். வேலை நடக்கும்போதெல்லாம் முன்னால் கை வைத்த நான்கு பேரையும் வாய் ஓயாமல் திட்டினேன்.

கடைசியில் இடது ஸ்பீக்கர் லைனில் அந்த ரெசிஸ்டன்ஸ் கண்ணில் பட்டது. ஈயப் பற்று வைத்திருந்த விதம் என்னுடையதேதான். சத்தம் போடாமல் வெட்டி எடுத்தேன். காதர் பாய் தன் வேலையிலிருந்து நிமிராமலே கேட்டார்: "நாலு பேரைத் திட்டியாச்சு. அஞ்சாவது ஆளை எப்பத் திட்டப்போறீங்க?"

நாற்காலி

டிசம்பர் முதல் வாரம் நானே கொண்டுபோய் மாட்டினேன். இரண்டு பக்கமும் மீட்டரில் மயிரிழை பிசகவில்லை. சார் இசைத்தட்டைப் போட்டுவிட்டு, நடுவில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முடிவதற்குள் முகம் வாடிவிட்டது. வலது பக்கம் முன்னைவிட மோசம் என்றார். ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் வலதுதான் கம்மி என்றார். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்றால் அது இந்நேரம் இடது பக்கம் போயிருக்க வேண்டும்.

பிறகு நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. சாரை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியை அப்படியே திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை சத்தமே இல்லை என்ற ஸ்பீக்கர் இப்போது நன்றாகப் பாடுகிறது, மற்றதுதான் படுத்துவிட்டது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கணக்கு வாத்தியார், அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலது கை மெதுவாக வலது காதுக்குப் போனது. டீச்சர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். சார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப, பொட்டியில ஒண்ணுமே இல்லீங்களா?"

டாக்டரின் கேள்வி

பொங்கல் கழித்து சாரைப் போய்ப் பார்த்தேன். காதுக்குள் சீழ் கோத்து எலும்பையே அரித்திருக்கிறது. வருஷக்கணக்காக நடந்த வேலை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டாக்டர். இனி அந்தக் காது வராது. குழுவைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே சார் தானாகப் போய் ஒப்படைத்துவிட்டார். நான் என்னுடைய ரெசிஸ்டன்ஸ் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரோ மாட்டாரோ, சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷம் என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்கன்னு டாக்டர் கேட்டாரு. ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன்னு சொன்னேன்."

என் தொழிலில் நான் துளிக் குறையில்லாமல் செய்து கொடுத்த ஸ்டீரியோ ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்க வேண்டியவருக்கு மிச்சமிருந்த காதும் ஒன்றே ஒன்றுதான்.