பனியனில் ஏறிய ரஷ்யக் கடல்

பனியன் பிரிண்டிங்கில் டிசைனர் வேலை என்றால், எவரோ உயிரைக் கொடுத்து வரைந்ததை இன்னொருவர் பட்ஜெட்டுக்குத் தக்கபடி கெடுத்துத் தருவது. கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைத் தொலைத்த சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா! இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர் யூனிட்டில் என்னிடம் வந்து மாட்டியது ஒரு பழைய ரஷ்ய ஓவியம். உடைந்த கப்பலின் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஆட்கள், அவர்கள்மேல் விழப்போகும் பேரலை, பின்னால் தங்கமாய் விடியல். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், எங்கள் பாஷையில் பையர், அதை டீசர்ட்டில் கேட்டிருந்தார்.

ஒரே நீலம்

சட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் அச்சடிக்கத் தனி ஸ்கிரீன் வேண்டும், ஸ்கிரீன் கூடினால் செலவும் கூடும். அந்த அலைக்கு மட்டுமே பச்சை, மஞ்சள், ஊதா என்று ஏகப்பட்டது பிரித்து வைத்திருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். குரல் உயர்த்தத் தெரியாத மனுசர், சிரித்துக்கொண்டேதான் கழுத்தை அறுப்பார்.

"ஏனுங்க தம்பி, கடல்தானுங்களே, ஒரு நீலம் பத்தாதுங்களா?"

பல் டாக்டரின் படகு

பல்வலிக்குப் போன இடத்தில் பார்த்தால், சுவரில் அதே ஓவியம்! உள்ளூர் பெயிண்டர் பார்த்து வரைந்த நகல். ஆனால் ஓரத்தில் ஒரு படகு, துடுப்பு போட்டுக்கொண்டு வந்தது. ஒரிஜினலில் அது கிடையாதே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"காத்திருக்கறவங்க அதையே பாத்துக் கலங்கறாங்கங்க, அதான் காப்பாத்த ஆள் அனுப்பிட்டேன்."

விடிந்த பிறகு

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் அருளப்பன் தூத்துக்குடிப் பக்கம். கடலுக்குப் போன அவர் தம்பி திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வந்துவிடுவான் என்று அம்மா பிடிவாதமாய் இருந்ததால் சர்ச்சில் துக்கப் பூசைகூட வைக்கவில்லை. கடலே வேண்டாமென்று திருப்பூர் வந்தவர் கையில் நான் கடலைக் கொடுத்தேன். முதல் சாம்பிளை அடித்துவிட்டு, மரத்தைப் பிடித்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடிஞ்சிட்டுல்லா அண்ணே, இனி யாராவது பாத்திருவாங்கல்லா?"

அப்ரூவல்

பையரிடமிருந்து மெயில் வந்தது. கோடைக்காலச் சட்டையாம், சாகப்போகிற ஆட்கள் வேண்டாமாம். கெஞ்சி எழுதிப் பார்த்தேன், ம்ஹும். ஒவ்வொருவராக அழித்து, அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பினேன். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

புது சாம்பிளை அருளப்பன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து மேசைமேல் வைத்தார். மறுபடியும் பிரித்தார்.

"தேடுறத நிறுத்திட்டாங்களா அண்ணே?"

அந்தச் சட்டை அமோகமாக விற்று ரிப்பீட் ஆர்டரும் வந்தது. எங்கள் தொழிலில் ஆளில்லாத கடலுக்குத்தான் கிராக்கி, போங்க.