தரகர் அண்ணாச்சியின் மாத்திரை

அந்தச் சனிக்கிழமை மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கில் தரகர் அண்ணாச்சியும், சுமைதூக்கும் சேட்டனும், கணக்கெழுதும் நானும் இருந்தோம். முதலாளி இல்லாத தைரியத்தில் அண்ணாச்சி மூட்டைத் தராசில் ஏறி நின்றார்.

சர்க்கரை வியாதிக்காக ஒரு வருஷம் சோற்றைக் குறைத்து மெலிந்தவர். சட்டை தோளிலிருந்து தொங்கும். குறைந்த எடை மறுபடி ஏறாதிருக்க, சோற்றின் மாவுச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரையென்று கப்பல்காரன் ஒருவனிடம் மூன்று டப்பா வாங்கியிருந்தார்.

“அண்ணாச்சி, மூட்டை நாலு கிலோ கூடுதலாணு!” என்று போன மாத எடையை நினைவில் வைத்திருந்த சேட்டன் சிரித்தார்.

அண்ணாச்சி டப்பாவை என்னிடம் நீட்டினார். “நீ படிச்ச பய. என்ன எழுதிருக்குன்னு பாருடே.”

எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் படித்தவன் நான். இரண்டு முறை வாசித்துவிட்டுச் சொன்னேன்: “சாப்பாட்டையும் குறைக்கணுமாம், அண்ணாச்சி.”

“குறைக்கதுக்கு மாத்திரை எதுக்குடே? ரெண்டு தட்டு சோறு திங்கத்தானே வாங்குனேன்!”

அதன்பிறகும் வாராவாரம் சொல்லிப் பார்த்தேன், எரிச்சல்தான் மிஞ்சியது. ஒரு பிடி அரிசியை மென்றே அது எந்த ஊர் நெல்லென்று சொல்லும் மனிதர். அவர் மண்டையில் இது ஏன் ஏறவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஓணத்துக்குள் பழைய எடை முழுவதும் திரும்பிவிட்டது. டாக்டர் சர்க்கரைக்கு ஊசி போடத் தொடங்கினார். மாத்திரைக்குப் போனது முந்நூற்று அறுபது ரூபாய்.