கரியில்லாத எஞ்சினுக்குச் சவல்

நாவலப்பிட்டி ஸ்டேஷனில் எங்கள் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு தனியார் கம்பெனி ஓட்டும் பழைய ரயில் இது. கொழும்பிலிருந்து சம்பளமில்லாத தொண்டனாக வந்திருக்கும் எனக்கு எஞ்சின் துடைக்கும் வேலை. மனேஜர் வந்து என் கன்னத்தில் அடுப்புக்கரியைத் தேய்த்து, கரி அள்ளும் சவலைக் கையில் திணிக்கிறார். பயணிகள் படம் எடுக்க வேண்டுமாம். இந்த எஞ்சினில் எரிவதோ எண்ணெய்! மருந்துக்கும் இதில் கரி கிடையாது.

விடியலிலிருந்து நெருப்பைக் கட்டி மேய்த்த பயர்மேன் செல்வராஜை, சட்டை சுத்தமாக இருக்கிறதென்று மனேஜர் எஞ்சினிலிருந்து கீழே இறக்கிவிடுகிறார். எண்ணெய் எஞ்சின்காரர் சட்டையில் கரி எங்கிருந்து வரும்?

"கோபம் வரலையா அண்ணே?" என்கிறேன்.

"வந்து என்னா செய்ய? நீங்க நல்லா நில்லுங்க தம்பி." பிளேன்டீ குடிக்கப் போகிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் சவலோடு நிற்கிறேன். படமெடுத்து முடிகிறது, புறப்படச் சிக்னல் விழுகிறது. நெருப்பைக் கவனிக்க ஆளில்லாமல் ஸ்டீம் அளவு காட்டும் முள் இறங்கிக் கிடக்கிறது.

"செல்வராஜ், சீக்கிரம் ஏறுய்யா!" மனேஜர் கத்துகிறார்.

செல்வராஜ் நிதானமாகத் தேநீரை ஊதுகிறார். "கரி அள்ளிப் போடச் சொல்லுங்க சார். சவல் தம்பி கையிலதானே இருக்கு?"